என் காலையே வைப்பேன்

அளவக்காவைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கால் போன ஒரு மனிதரைக் கெஞ்ச வைத்தாளாம். செய்து முடித்த காலை அவர் கையில் கொடுக்காமல் ஆணியில் மாட்டினாளாம். ஆமாம், மாட்டினாள். ஆணி ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னவளே நான்தான். அதனால் அவளைத் திட்டுகிறவர்கள் என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போகட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

நாங்கள் வேலை பார்ப்பது செயற்கைக் கால் செய்கிற அரசுப் பட்டறையில். நான் வார் தைக்கிறவள். கால் முட்டிக்கு மேலே பிடித்துக்கொள்ளும் தோல்வார், பட்டை, கொக்கி எல்லாம் என் தையல் இயந்திரத்திலிருந்து போகும். என் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை அளவக்காவுடையது. கால் இழந்து வருகிறவர்களிடம் மிஞ்சியிருக்கிற பகுதியை எங்கள் பட்டறையில் 'மிச்சம்' என்போம். அந்த மிச்சத்தைத் தொட்டுப் பார்த்து, ஈரத்துணி சுற்றி, மாவுக்கட்டுப் போட்டு அச்செடுப்பது அவள் வேலை. எங்கே எலும்பு முட்டுகிறது, எங்கே தொட்டால் சுரீர் என்கிறது என்று அழியாத பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போவாள். அதனால்தான் அவளுக்கு அளவக்கா என்று பெயர். அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ராணுவம் போன அந்தச் சண்டைக்கு முன்னால் எங்கள் கூடத்தில் இரண்டு மூன்று பெஞ்சு போதும். ஆலையில் காலை மாட்டிக்கொண்டவர்கள், ரயிலில் அடிபட்டவர்கள் என்று எப்போதாவது வருவார்கள். சண்டை வந்ததும் பெஞ்சு போதாமல் தரையில் பாய் விரித்தோம். எதற்காக அந்தச் சண்டை என்று என்னைக் கேட்காதீர்கள். முதலில் ஒரு காரணம் சொன்னார்கள். அது பொய் என்று தெரிந்ததும் வேறொன்று சொன்னார்கள். கடைசியில், ஆரம்பித்துவிட்டோம், பாதியில் நிறுத்தினால் கேவலம் என்பதே காரணமாகிவிட்டது. வேண்டாம் என்று கத்தினவர்கள் பாதி ஊர், வேண்டும் என்று கத்தினவர்கள் பாதி ஊர். வரியை மட்டும் இரண்டு பாதியிடமும் பிடித்துக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரரைச் சண்டை எடுத்துக்கொள்ளவில்லை, அவர் கடையை எடுத்துக்கொண்டது. சைக்கிள் கடை. ரப்பர் எல்லாம் ராணுவத்துக்குப் போக, டயர் விலை எங்கேயோ ஏற, கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். இப்போது பழுது பார்க்க சைக்கிள் இல்லாமல் என்னைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். குழம்பில் உப்பு கூட, கதவு கிறீச்சிடுகிறது, நான் சத்தமாகப் பேசுகிறேன் என்று ஒரு நாளைக்கு ஒரு குறை. அது கிடக்கட்டும். என் வரிக் காசில்தான் அந்தத் தகட்டையும் வாங்கினார்கள். எனக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன்.

தகடு என்றால், ராணுவ வண்டியின் தரைத் தகடு. அளவக்காவின் தம்பி ராணுவத்தில் வண்டி ஓட்டினான். அப்பா அம்மா போனபின் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் வண்டிக்கு அடியில் ஒருநாள் கண்ணிவெடி வெடித்தது. கனமான தகடாக இருந்திருந்தால் வண்டி தூக்கிப் போட்டிருக்கும், காதடைத்திருக்கும், அவ்வளவுதான். இது அப்படியே பிளந்துகொண்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பையன்கள் ஒருவர்கூட மிஞ்சவில்லை. தம்பி மட்டும் இடது காலை அங்கே விட்டுவிட்டு உயிரோடு வந்தான்.

அதற்கு ஒரு விசாரணை வைத்தார்கள். அந்தத் தகடுகளை ராணுவத்துக்கு விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பெரிய இரும்பு வியாபாரி, ஊரில் தகட்டுக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் கூண்டில் நின்று, நெஞ்சில் கை வைத்து, "அந்தத் தகட்டு மேல என் காலையே வைப்பேன், கீழே நீங்க எதை வேணா வெடிங்க" என்று சொன்னார். மறுநாள் பத்திரிகைகளில் அதுவே தலைப்பு. எப்பேர்ப்பட்ட மனிதர், எவ்வளவு உறுதியாகப் பேசுகிறார் என்று டீக்கடைகளில் மெச்சிக்கொண்டார்கள். சரி, தகடு நல்ல தகடு என்றால் தப்பு யாருடையது? வண்டி ஓட்டினவனுடையது. காட்டிய தடத்தை விட்டு விலகி ஓட்டினான், கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். தம்பிக்கு ஓய்வூதியம் இல்லை. செத்துப்போன பையன்களின் வீடுகளுக்கும் அப்படியே சொல்லி அனுப்பினார்கள், உங்கள் பிள்ளை எதிரியால் சாகவில்லை, டிரைவரால் செத்தான் என்று.

அந்த வீடுகளில் ஒன்று எங்கள் டீக்காரம்மாவின் வீடு. பட்டறையில் கூட்டிப் பெருக்கி, காலையும் மாலையும் எல்லோருக்கும் டீ ஊற்றுகிறவர். ஒரே பிள்ளை. அந்த வண்டியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தானாம். விசாரணை முடிந்த மறுநாள் டீக்காரம்மா அளவக்கா வீட்டுக்குப் போய், வாசலில் நின்ற தம்பியைப் பார்த்து, "என் புள்ளையக் கொண்டுபோய்க் கொன்னுட்டு நீ மட்டும் வந்து நிக்கிறியாடா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். ஒரே கேள்வி. அவன் உள்ளே போனவன்தான்.

அதன்பிறகு பட்டறையில் டீ வரும்போது எனக்கு ஒரு தம்ளர், அளவக்காவுக்கு அந்தப் பக்கம் மாவுக்கட்டுச் சாந்து குழைப்பவருக்கு ஒரு தம்ளர், நடுவில் இருக்கிற அவள் மேசைக்குக் கிடையாது. வாளியோடு அப்படியே தாண்டிப் போவார். அளவக்காவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான்தான் ஒருநாள் பொறுக்க முடியாமல் என் தம்ளரை அவள் பக்கம் தள்ளினேன்.

"எடுத்துக்கோ. எனக்கு வேணாம்."

"நீ குடி. அது அவங்க கோபம். அவங்க பெத்த வயிறு, அவங்க கோபப்படட்டும்" என்றாள்.

"அதுக்கு உன் தம்பியா கிடைச்சான்?"

"அவங்களுக்கு வேற யாரைக் காட்டினாங்க?"

தம்ளரை என் பக்கமே இழுத்துக்கொண்டேன்.

தம்பிக்கு அவளே கால் செய்தாள். ராத்திரி பகல் பார்க்காமல் செய்தாள் என்று கதையடிக்க மாட்டேன், வேலை நேரத்தில்தான் செய்தாள், ஆனால் அவ்வளவு நன்றாகச் செய்தாள். அவன் அதை ஒருமுறை மாட்டி, அறைக்குள் நடந்து காட்டிவிட்டு, கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டான். "யாருக்குக்கா நடந்து காட்டணும்? வெளிய போனா கொலைகாரன் வர்றான்னுதானே பார்ப்பாங்க" என்றானாம். அவ்வளவுதான், அந்தக் கால் ஆணியிலேயே கிடந்தது. அளவக்கா தினமும் எத்தனையோ பேரை நடக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். அங்கே தம்பி நகர்ந்து நகர்ந்து வந்து கதவைத் திறப்பான்.

சண்டை ஒருவழியாக ஓய்ந்தது. யார் ஜெயித்தார்கள் என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கஜானா காலி என்று முதலில் கை வைத்தது எங்கள் பட்டறையில். காலுக்குப் போடும் குழாய்கூட வரவில்லை, பழைய இரும்புக் கடையில் பொறுக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படிப் பொறுக்கப் போன இடத்தில்தான் அளவக்கா அதைப் பார்த்தாள். ஓடாமல் நின்றுபோன ராணுவ வண்டிகளை எடைக்குப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து பிரித்த தரைத் தகடு ஒன்று. ஒரு பக்கம் பச்சைச் சாயம், மூலையில் வட்டத்துக்குள் குதிரைத் தலை. தகட்டுக்காரரின் கம்பெனி முத்திரை. ஒரு விரலால் அழுத்தினால் உள்ளே போய் வெளியே வந்ததாம். "குழாயோட இதையும் போடு" என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்கிவந்து, தன் அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

நானாக இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய இடத்து வாசலில் எல்லாம் தட்டித் தட்டிக் கத்தியிருப்பேன். அவள் போனாள், கத்தாமல் போனாள். விசாரணை முடிந்த கதை, பழைய இரும்பைக் கொண்டுவந்து என்ன காட்டுகிறாய், இது அந்த வண்டித் தகடு என்று யார் சொல்வது, முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம் என்று ஒவ்வொரு மேசையிலும் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

பிறகு ஒருநாள் எங்கள் பட்டறை வாசலில் பளபளவென்று ஒரு கார் வந்து நின்றது. மேலாளர் செருப்புக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினார். கைத்தாங்கலாக இறங்கி வந்தவர் தகட்டுக்காரர். சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். வெளிநாட்டிலிருந்து விலை உயர்ந்த கால் வரவழைத்திருக்கிறார். மிச்சத்தைக் குத்திக் குத்திப் புண்ணாக்கிவிட்டது. மறுபடி செய்தார்கள், மறுபடி புண். இன்னும் கொஞ்சம் மேலே வெட்ட வேண்டிவரும் என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார். யாரோ எங்கள் அளவக்கா பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கை வைத்தால் வலிக்காது என்று.

நான் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன். அளவக்கா முகத்தைப் பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எல்லோருக்கும் போடுகிற அதே ஸ்டூலை அவருக்கும் போட்டாள். எல்லோரையும் கேட்கிற அதே கேள்விகளைக் கேட்டாள். எந்தப் பக்கம் அதிகமாக வலிக்கும், ராத்திரி தூக்கம் வருமா, கடைசியாக அவள் எப்போதும் கேட்பது, என்ன வேலை பார்த்தீங்க. நின்று பார்க்கிற வேலை என்றால் காலை ஒரு மாதிரி நிறுத்த வேண்டும், அலைகிற வேலை என்றால் வேறு மாதிரி.

"இரும்பு வியாபாரம்மா. தகடு" என்றார் அவர். ஜம்பமாகச் சிரித்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "கண்ணை மூடிக்கிட்டுத் தட்டிப் பார்த்தே சொல்லிடுவேன், என்ன கனம், என்ன சரக்குன்னு. இந்த உன் மேசைக் கால் இருக்கே," என்று கைத்தடியால் தட்டினார். காதைச் சாய்த்தார். "அசல் சரக்கு. உங்க தாத்தா காலத்துது. இந்தா, அந்தப் பீரோ வெறும் டப்பா. யார்கிட்ட வாங்கினாங்க? ஏமாத்திட்டான்."

"தட்டினாலே தெரிஞ்சுடுமா?" என்று அளவக்கா கேட்டாள்.

"காது பொய் சொல்லாது தங்கச்சி."

அளவக்கா சிரித்தாள். இத்தனை வருஷத்தில் பட்டறைக்குள் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவர் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குச் சூடு சொரணை இருக்கா? அவன் யாருன்னு தெரியாதா? பல்லைக் காட்டிப் பேசறே!"

"மெதுவாப் பேசு."

"என்னத்த மெதுவா? கோணலா ஒரு காலைச் செஞ்சு மாட்டி விடு. தடுக்கி விழட்டும். குத்திக் குத்திச் சாகட்டும்."

"கோணலாச் செஞ்சா அவளுக்கு வேலை தெரியலைன்னு போயிடுவான். எனக்கு அவன் கால் நல்லா அமையணும். கொஞ்சம்கூட வலிக்கக் கூடாது" என்றாள்.

அவளோடு ஒரு வாரம் பேசவில்லை நான். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், எப்படிச் செய்தாள் என்று. அச்சை அரத்தால் ராவிக்கொண்டே இருப்பாள், தடவிப் பார்ப்பாள், மறுபடி ராவுவாள். புண் இருந்த இடத்துக்கு நேரே மெத்தென்று பள்ளம் விட்டாள். வாருக்கு மெல்லிய தோல் வேண்டும் என்று என்னிடம் கேட்டபோது, மூலையில் கிடந்த முரட்டுத் தோலை எடுத்து வீசினேன். அவளே எழுந்து நல்லதைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தாள். எங்கள் பட்டறையிலிருந்து அப்படி ஒரு கால் வெளியே போனதில்லை. அவள் தம்பிக்குச் செய்ததுகூட இதற்கு அடுத்தபடிதான்.

முதல் நடை பார்க்கிற நாள் வந்தது. கூடத்தின் நடுவில் எங்களுக்கு ஒரு பாதை உண்டு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. அதன் கடைசியில் உள்ளே பொள்ளலாக ஒரு மரப்படி. முதல் நாள் கம்பியைப் பிடித்து நடந்தால் போதும். கடைசி நாள், கம்பியை விட்டுவிட்டு அந்தப் படியில் ஏறி நின்று காட்ட வேண்டும். படி ஏறாத கால் பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று மேலாளரே சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார். யாரோ வீட்டுக்குப் போய் மாடிப்படியில் விழுந்து புகார் கொடுத்ததிலிருந்து அந்தச் சட்டம்.

தகட்டுக்காரர் மாட்டிக்கொண்டு எழுந்தார். ஓர் அடி வைத்தார். நின்றார். இன்னோர் அடி. முகத்தைச் சுளிக்கத் தயாராக வைத்திருந்தார், சுளிக்க ஒன்றும் இல்லை. கம்பியின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார். கண்ணில் தண்ணீர்.

"வலிக்கலையே. தங்கச்சி, வலிக்கவே இல்லையே. கால் போனதிலிருந்து ஒருநாள் நான் ஒழுங்கா தூங்கினதில்லை. நீ தெய்வம்மா."

"கடைசி நடைக்கு வாங்க. படி ஏறிட்டுக் காலோட வீட்டுக்குப் போகலாம்" என்றாள் அவள்.

அவர் போன பிறகு அலமாரியை நகர்த்தி அந்தத் தகட்டை வெளியே இழுத்தாள். தகடு வெட்டுகிற கத்தரியால் படியின் அளவுக்கு வெட்டினாள். நான் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். படியின் மேல்பலகையைக் கழற்றிவிட்டு, பச்சைச் சாயமும் குதிரைத் தலையும் கீழ்ப்பக்கம் போகிற மாதிரி, அந்தத் தகட்டைக் கவிழ்த்து வைத்துத் திருகு முடுக்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட, மடச்சி, என்று என்னையே சொல்லிக்கொண்டேன். ஓடிப்போய் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"என் வயித்துல பாலை வார்த்தே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"உன்கிட்ட சொன்னா அடுத்த தெருவரைக்கும் கேட்டிருக்கும்" என்றாள். அது உண்மை, அதனால் விட்டுவிட்டேன். பிறகு, "ஒரு உதவி பண்ணு. அன்னைக்கு டீ கூடத்துக்கு வரும்போது அவர் நடக்கிற நேரமா இருக்கணும். நான் சொன்னா பெரியம்மா கேக்க மாட்டாங்க. நீ சொல்லு" என்றாள்.

"பெரிய மனுஷர் வர்றார், அவருக்கு நல்ல தம்ளர்ல டீ கொடுக்கணுமாம்" என்று டீக்காரம்மாவிடம் மேலாளர் சொன்ன மாதிரியே சொல்லி வைத்தேன். பொய்தான். அன்றைக்கு அதைவிட நல்ல பொய்யை நான் சொன்னதில்லை.

கடைசி நடை. கூடம் நிறைய ஆட்கள், பாதிப் பேர் அந்தச் சண்டையில் கால் போன பையன்கள். தகட்டுக்காரர் வெள்ளை வெளேரென்று உடுத்திக்கொண்டு வந்தார். டீக்காரம்மா அவர் கையில் தம்ளரைக் கொடுத்துவிட்டு, வாளியோடு ஓரமாக நின்றார். அவர் ஒரு வாய் குடித்துப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்தார். நடந்தார். கம்பியை விட்டுவிட்டே நடந்தார். மேலாளர் கை தட்டினார்.

படிக்கு முன்னால் வந்து நின்றார். எல்லோரும் காலைத் தூக்கி வைக்கிற இடத்தில், அவர் பழக்க தோஷத்தில் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டினார். டொக்கென்றது. புருவத்தைச் சுருக்கினார். குனிந்து விரல் முட்டியால் தட்டினார். காதைச் சாய்த்தார்.

"யாருடா இதைப் படின்னு வச்சது?" என்றார் சிரித்துக்கொண்டே. "வெறும் தகரம்மா இது."

"அப்படியா? நல்ல தகடுன்னு சொல்லித்தான் வித்தாங்க" என்றாள் அளவக்கா.

"நல்லா ஏமாந்திருக்கீங்க. தட்டினாலே தெரியுதே. பாதிக் கனம்கூட இல்லை. இதுல கலப்படம் வேற."

"ஆள் ஏறினா தாங்காதா?"

"ஆளா? கோழி ஏறினாலே நான் யோசிப்பேன். இதை வித்தவன் காசுக்கு எதையும் செய்யறவன் தங்கச்சி. சொல்லு, யாருன்னு. நானே கூப்பிட்டுக் கேக்கறேன்."

அளவக்கா திருப்புளியோடு குனிந்தாள். திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தகட்டை எடுத்து, பச்சைப் பக்கம் மேலே வருகிற மாதிரித் திருப்பி, அவர் முன்னால் வைத்தாள். வட்டத்துக்குள் குதிரைத் தலை பளிச்சென்று தெரிந்தது.

"கேளுங்க. கூப்பிட்டுக் கேளுங்க" என்றாள்.

"இது... இது எங்களோடது இல்லை. முத்திரையை யார் வேணா..."

"இன்னொரு தடவை தட்டிப் பாருங்க. காது பொய் சொல்லாதுன்னீங்களே."

அவர் தட்டவில்லை. மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கூரையைப் பார்த்தார்.

"தங்கச்சி..."

"நான் தங்கச்சி இல்லை. அக்கா. ஒரு டிரைவருக்கு அக்கா" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை, ஆனால் கடைசிப் பெஞ்சுவரை கேட்டது. "விசாரணையில என்ன சொன்னீங்க? அந்தத் தகட்டு மேல என் காலையே வைப்பேன்னு சொன்னீங்க. கால் தயாரா இருக்கு, நானே செஞ்சிருக்கேன். தகடு இதோ. கீழே வெடிகூட இல்லை, வெறும் காத்துதான். வைங்க."

அவர் வைக்கவில்லை. எப்படி வைப்பார்? அவர்தான் சொல்லிவிட்டாரே, கோழிகூடத் தாங்காது என்று. தன் வாயாலேயே, எல்லோர் முன்னாலும், யாரும் அடிக்காமல் உதைக்காமல் சொன்னார். ஒரு பையன் ஊன்றுகோலால் தரையில் ஓங்கித் தட்டினான். பிறகு இன்னொருவன். பிறகு கூடம் முழுக்கத் தட்டியது. நானும் கத்தரிக்கோலால் என் இயந்திரத்தில் தட்டினேன், சும்மா இருக்க முடியுமா.

மேலாளருக்கு அப்போதுதான் குரல் வந்தது. "என்னம்மா கூத்து இது? ஐயா படியெல்லாம் ஏற வேணாம். காலைக் கொடுத்து அனுப்பு."

"நீங்களே கொடுங்க சார். ஏறிக் காட்டாமத்தான் கொடுத்தீங்கன்னு இத்தனை பேர் பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்று சுவரைக் காட்டினாள். பிறகு அவரிடம் திரும்பினாள். "ரெண்டுல ஒண்ணு செய்ங்க. இப்ப இங்க சொன்னதை விசாரணை நடத்தினவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க, என் தம்பி மேல தப்பு இல்லைன்னு எழுதட்டும். இல்லைன்னா இந்தத் தகட்டு மேல ஏறி நில்லுங்க. எதைச் செஞ்சாலும் கால் உங்களுது."

அவர் உட்கார்ந்துவிட்டார். என்ன வேண்டும் சொல், தம்பிக்கு வீடு வேண்டுமா, கடை வைத்துத் தரட்டுமா என்று மெல்லக் கேட்டார். அளவக்கா மண்டியிட்டு, என் வாரை அவிழ்த்து, வலிக்காமல் அவர் காலைக் கழற்றினாள். மிச்சத்தின் உறையைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள். அதிலும் ஒரு குறை வைக்கவில்லை. பிறகு எழுந்து சுவரில் ஆணியைப் பார்த்தாள். நான் போய் ஆட்டிப் பார்த்து, "கெட்டியா இருக்கு, மாட்டு" என்றேன். மாட்டினாள்.

அப்போது டீக்காரம்மா ஓரத்திலிருந்து வந்தார். அழவில்லை. தகட்டின் முன்னால் நின்று, பெருவிரலால் அதை அழுத்தினார். உள்ளே போய் வெளியே வந்தது. அவர் பிள்ளையும் அந்தச் சாவும் எவ்வளவு மெல்லிசான ஒன்றின் இரண்டு பக்கமாக இருந்தார்கள் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருக்கும். திரும்பி, ஸ்டூலில் ஆறிக்கொண்டிருந்த டீத் தம்ளரை எடுத்து, தகட்டுக்காரர் பார்க்கப் பார்க்கக் கழிவு வாளியில் ஊற்றினார். தம்ளரை மட்டும் தூக்கிக்கொண்டார்.

"உன் தம்பி வீட்டுல இருக்கானா?" என்று அளவக்காவைக் கேட்டார். விசாரணைக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"அவன் எங்க போவான் பெரியம்மா."

"சாயங்காலம் வர்றேன். கால மாட்டிக்கிட்டு நிக்கச் சொல்லு. உள்ள ஓடி ஒளிஞ்சான்னா உதைப்பேன்னு சொல்லு." அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. அளவக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

பெரிய நியாயம் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. விசாரணையை மறுபடி திறக்கவில்லை, ஓய்வூதியமும் வரவில்லை. அந்தச் சண்டையை ஆரம்பித்தவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள். அளவக்காவைக் கொஞ்ச நாள் சாமான் அறைக்கு மாற்றினார்கள். வேறு யாரிடமும் அளவு கொடுக்க மாட்டோம் என்று பையன்கள் பெஞ்சை விட்டு எழவில்லை, திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். டீ இப்போது அவள் மேசைக்குத்தான் முதலில் வருகிறது. எனக்கு வருவதற்குள் ஆறிவிடுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தகட்டுக்காரர் ஆள் மேல் ஆள் அனுப்பிப் பார்த்தார். வெளிநாட்டுக் காலை மாட்ட முடியாமல் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாராம், வலிக்காமல் நடந்த அந்த நடையையே சொல்லிச் சொல்லிப் புலம்புகிறாராம். புலம்பட்டும். அவர் கால் எங்கள் ஆணியில் பத்திரமாகத் தொங்குகிறது. அளவக்கா அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டி, வாருக்கு எண்ணெய் போட்டு மாட்டுகிறாள். வந்து உண்மையைச் சொன்ன அன்றைக்கே மாட்டிக்கொண்டு போகலாம். பாவம், வயதானவர் என்கிறவர்கள் அவரிடம் போய்ச் சொல்லுங்கள், எங்களிடம் சொல்லாதீர்கள்.

தம்பி இப்போது சந்தையில் ஒரு கடையில் வேலைக்குப் போகிறான், நடந்தே போகிறான். குறுக்குத் தெருவில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் சுற்றிக்கொண்டு, தகட்டுக்காரரின் பெரிய வீட்டு வாசல் வழியாகத்தான் போவான். டீக்காரம்மாவும் வாளியோடு அதே நேரத்துக்குப் பட்டறைக்குக் கிளம்புவதால் கூடவே நடப்பார். அந்த வீட்டு மாடி ஜன்னலுக்கு நேரே வரும்போது, "இங்க கொஞ்சம் அழுத்தி வைடா" என்பாராம். அவன் காலை அழுத்தி வைப்பானாம்.